எடைக்கருவி சொல்லாத கணக்கு: எஸ்.எம்.ஏ. குழந்தைகளின் உடலமைப்பும் உணவும்

எஸ்.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் எங்கள் முன் வந்து அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. எடையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு தாய், தம் மகனுக்கு இரண்டு வயது நிறைந்தும் ஒன்பது கிலோவைத் தாண்டவில்லை என்று கண் கலங்குவார். அடுத்து வரும் இன்னொரு தாய், தம் மகள் ஆறே மாதத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டாள், உடம்பு தேறிவிட்டது என்று முகம் மலர்வார். முன்னவர் தாம் அஞ்சும் அளவுக்கு அஞ்சத் தேவையில்லாமல் இருக்கலாம். பின்னவரோ மகிழ்ச்சியைச் சற்றே நிறுத்திவைத்துக் கவனம் கொள்ள வேண்டியவராக இருக்கலாம். எடைக்கருவி காட்டும் எண் இருவருக்குமே பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நோயைப் பற்றி முதலில் சில சொற்கள். நம் முதுகுத்தண்டினுள் உள்ள இயக்க நரம்பணுக்கள்தாம் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகின்றன. அந்த நரம்பணுக்கள் உயிர்வாழ ஒரு புரதம் தேவை. அதை உருவாக்கும் எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இக்குழந்தைகளிடம் இல்லை, அல்லது செயல்படுவதில்லை. கட்டளை வராத தசை மெலிகிறது. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி, குழந்தை தானாக உட்காரும் நிலையை எட்டாதது முதல் வகை. உட்கார முடிந்தும் நடக்க இயலாதது இரண்டாம் வகை. நடக்கத் தொடங்கிய பின் வலுவிழப்பது மூன்றாம் வகை. உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயுடன் பிறக்கிறது. தாய் கருவுற்றிருந்தபோது உண்டதாலோ உண்ணாததாலோ இது வருவதில்லை என்பதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லிவருகிறோம், இங்கும் சொல்கிறோம். தந்தை, தாய் இருவரிடமும் மறைந்திருந்த மரபணுக் குறை ஒன்றுசேர்ந்ததே காரணம். உறவுமுறைத் திருமணத்தில் இதற்கான வாய்ப்பு கூடும். உறவல்லாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் வருகிறது. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த குழந்தையைக் கருதுமுன் மரபணு ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

இனி எடைக்கு வருவோம்.

ஒரே எடை, வேறு வேறு உடல்

உடல் என்பது எலும்பு, தசை, உள்ளுறுப்புகள், நீர், கொழுப்பு ஆகியவற்றின் கூட்டு. கொழுப்பு நீங்கலான பகுதியைக் கொழுப்பற்ற நிறை என்கிறோம். அதில் பெரும்பங்கு வகிப்பது தசை. புரிதலுக்காக ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரே உயரமும் 15 கிலோ எடையும் கொண்ட இரண்டு குழந்தைகள் இருப்பதாகக் கொள்வோம். நோயற்ற குழந்தையிடம் கொழுப்பு 3 கிலோ, மற்றவை 12 கிலோ இருக்கலாம். எஸ்.எம்.ஏ. உள்ள குழந்தையிடம் அதே 15 கிலோவில் கொழுப்பு 6 கிலோவாகவும், மற்றவை 9 கிலோவாகவும் இருக்கலாம். எடைக்கருவிக்கு இருவரும் ஒன்றே. உடலுக்குள் நடப்பது வேறு.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, எஸ்.எம்.ஏ. உள்ளவர்களில் பலருக்கு உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு குறைவாக இருந்தும் உடற்கொழுப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் முதல் இரண்டு வகைக் குழந்தைகளின் உடலமைப்பை டெக்ஸா என்னும் மென்கதிர்க் கருவியால் அளந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதையும், வெளிவிடும் மூச்சைக் கொண்டு கணக்கிட்டார்கள். கொழுப்பற்ற நிறை குறைவு, கொழுப்பின் பங்கு மிகுதி என்ற அதே சித்திரம் அங்கும் வெளிப்பட்டது. இக்குழந்தைகளை மற்றக் குழந்தைகளுக்கான வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது முறையன்று என்பதால், 2021இல் இத்தாலிய ஆய்வாளர்கள் எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கெனவே வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டார்கள்.

அங்கன்வாடியிலோ பள்ளி மருத்துவ முகாமிலோ உங்கள் குழந்தையின் அட்டையில் "கடும் எடைக்குறைவு" என்று குறித்தால், அவர்கள் தவறிழைத்ததாகக் கருத வேண்டாம். அவர்கள் கையில் உள்ள வரைபடம் தசை நிறைந்த குழந்தைகளுக்காக வரையப்பட்டது. தசை குறைந்த உடல் அவ்வரைபடத்தின் நடுக்கோட்டை எட்ட வேண்டுமானால், அந்த இடைவெளியைக் கொழுப்பால்தான் நிரப்ப முடியும். நடுக்கோட்டை எட்டவைக்கும் முயற்சியில் நாளொன்றுக்கு நான்கு முறை நெய்யும் சர்க்கரையும் கலந்து ஊட்டிய வீடுகளை நாங்கள் அறிவோம். அன்பின் மிகுதியால் செய்வதுதான். ஆனால் குழந்தைக்கு அது சுமையாக முடிகிறது.

கொழுப்பு மிகுவதால் என்ன தீங்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொழுகொழுவென்று இருப்பதை ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கொண்ட மரபு நம்முடையது. வலுக்குறைந்த கைகால்கள் கூடுதல் எடையை அசைக்க வேண்டியிருக்கிறது. நேற்று வரை தானாகப் புரண்ட குழந்தை இன்று புரள முடியாமல் போகலாம். வயிற்றில் சேரும் கொழுப்பு, ஏற்கெனவே நலிந்த மூச்சுத் தசைகளின் வேலையைக் கூட்டுகிறது. முதுகு வளைவு விரைவுபடலாம், அதற்கான அறுவை சிகிச்சையும் கடினமாகலாம். தூக்கி இறக்கும் தாயின் இடுப்பையும் நாங்கள் மறக்கவில்லை. இரண்டாம் வகைக் குழந்தைகளிடமும், நடை நின்று சக்கர நாற்காலிக்கு வந்த மூன்றாம் வகைக் குழந்தைகளிடமும் இது சிறப்பாகக் கவனிக்கப்பட வேண்டும். நடை நின்ற ஆண்டில் உணவின் அளவு பழையபடியே தொடர்வதும், வருத்தத்தை ஆற்ற இனிப்பு வாங்கிக் கொடுப்பதும் வழக்கமாக நிகழ்பவை.

முதல் வகைக் குழந்தைகளின் நிலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. உறிஞ்சவும் விழுங்கவும் வலு போதாமல் அவர்கள் உண்மையிலேயே மெலிகிறார்கள். மூச்சு விடுவதற்கே கடுமையாக உழைக்கும் குழந்தைக்கு ஆற்றல் செலவும் கூடும். எனவே "எஸ்.எம்.ஏ. குழந்தை என்றால் உணவைக் குறைக்க வேண்டும்" என்ற பொதுவிதி ஏதுமில்லை. அவ்வாறு யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒரே குழந்தைக்குக்கூட இரண்டு வயதில் பொருந்திய அளவு ஏழு வயதில் பொருந்தாது.

சிறிய குதிர்

தசையைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின் இதையே வைக்குமாறு வேண்டுகிறோம். தசை என்பது அசைவதற்கான உறுப்பு மட்டுமன்று. சேமிப்புக் கிடங்கும் அதுவே. உணவு இல்லாத நேரத்தில் முதலில் கல்லீரலில் உள்ள மாவுச்சத்துச் சேமிப்பு இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. அது தீரத் தீர, தசைப் புரதத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு கல்லீரல் புதிய சர்க்கரையை உருவாக்குகிறது. தசை குறைந்த குழந்தையின் குதிர் சிறியது. மற்றக் குழந்தை இரவு முழுதும் உண்ணாமல் உறங்கி எழலாம். இக்குழந்தைக்கு அதே இடைவெளியில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். உடலில் கொழுப்பு நிறைய இருக்கிறதே, அதை எரித்துக்கொள்ளாதா என்றால், எஸ்.எம்.ஏ. உள்ள பலருக்குக் கொழுப்பமிலங்களைக் கையாளும் திறனிலும் குறை காணப்படுகிறது. கொழுப்பு இருந்தும் அந்த அவசரத்துக்கு முழுமையாக உதவுவதில்லை. ஆகவே, பார்வைக்குப் பருத்திருக்கும் குழந்தையும் பட்டினியைத் தாங்காது.

இதனால்தான் பன்னாட்டு மருத்துவர் குழு 2018இல் வெளியிட்ட பராமரிப்பு நெறிமுறை, நீண்ட பட்டினியைத் தவிர்க்கவும், உடல்நலம் குன்றிய காலத்தில் ஆறு மணி நேரத்துக்குள் புரதம் உள்ளிட்ட சத்துணவு கிடைக்கச் செய்யவும் வலியுறுத்துகிறது. சிறு குழந்தைகளுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் இடைவெளி இதைவிடக் குறைவாக, நான்கு மணி நேரத்துக்குள் இருப்பது நன்று. வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. உங்கள் குழந்தையின் அடுப்பும் அப்படிப்பட்டதே என்று நாங்கள் சில வேளைகளில் சொல்வதுண்டு.

நடைமுறையில் இந்த அடுப்பு எங்கே அணைகிறது? மூன்று இடங்களைச் சுட்ட விரும்புகிறோம்.

ஒன்று, காய்ச்சல் இரவு. பகலில் இரண்டு முறை வாந்தி எடுத்த குழந்தை மாலையில் உண்ண மறுத்து உறங்கிவிடுகிறது. "தூங்கட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விளக்கை அணைப்பது மற்றக் குழந்தைக்குச் சரியாக இருக்கலாம். இக்குழந்தைக்கு அன்று இரவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கஞ்சியோ, பாலோ, மருத்துவர் சொன்ன உப்புச் சர்க்கரைக் கரைசலோ உள்ளே செல்ல வேண்டும். செல்லவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டுதல், உடல் சில்லிடுதல், எழுப்பினாலும் கண் திறவாத மயக்கம், வழக்கத்துக்கு மாறான தளர்ச்சி ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் வாய்வழி எதையும் புகட்டக் கூடாது. விழுங்கும் வலு அப்போது இன்னும் குறைந்திருக்கும், உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் அழைத்துவருவதே வழி.

இரண்டாவது, பயணம். நெய்வேலியிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ போக நான்கைந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு ஊட்டிவிட்டு, நள்ளிரவில் வண்டி ஏறி, காலையில் மருத்துவமனை வரிசையில் நின்று, "பரிசோதனை முடியட்டும், பிறகு கொடுக்கலாம்" என்று காத்திருந்தால் பகல் பத்து மணிக்குள் பதின்மூன்று மணி நேரம் கடந்துவிடுகிறது. இதை யாரும் பட்டினி என்று எண்ணிப்பார்ப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, வழியில் ஒரு நிறுத்தத்தை ஊட்டுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசக் கூட்டத்துக்கோ, நாள் முழுதும் நீளும் திருமண வீட்டுக்கோ போனாலும் இதே விதிதான். தந்தைக்கு இரவு ஷிப்ட் மாறும் வாரங்களில் வீட்டின் உணவு நேரமே இடம் மாறிவிடுவதையும் நாம் அறிவோம். குழந்தையின் நேரம் மட்டும் அதனுடன் சேர்ந்து நகராமல் இருக்கட்டும்.

மூன்றாவது, மயக்க மருந்து. அறுவை சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ மயக்கம் கொடுக்குமுன் வெறும் வயிறு தேவை என்பது உண்மை. நுசினெர்சென் மருந்து முதுகுத்தண்டில் ஊசியாக, தொடக்கத் தவணைகளுக்குப் பின் நான்கு மாதத்துக்கு ஒருமுறை செலுத்தப்படுவது. சில குழந்தைகளுக்கு அதற்கும் மயக்கம் தேவைப்படும். "இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லப்பட்டால், "எங்கள் குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. உள்ளது, நீண்ட பட்டினி தாங்காது; முதல் ஆளாக எடுத்துக்கொள்ள இயலுமா, காத்திருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏற்றுவீர்களா?" என்று மயக்க மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதைத் துணிச்சல் என்று எவரும் கருதமாட்டார்கள். இந்நோயை அடிக்கடி பார்த்திராத மருத்துவருக்கு அது உதவியாகவே அமையும்.

இதனைச் சார்ந்த மற்றொரு குறிப்பும் உண்டு. சிறுநீரகத்தைச் சோதிக்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த குழந்தைக்கு அது இயல்பாகவே தாழ்ந்திருக்கும்; சிறுநீரகம் சோர்ந்தபோதும் "சரியாக உள்ளது" என்பது போன்ற எண் வரலாம். அவசரப் பிரிவில் நோயின் பெயரைச் சொல்வதை மறவாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

எப்படி அளப்பது

டெக்ஸா கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஒவ்வொரு மாதமும் அதில் அளக்க வேண்டியதும் இல்லை. வீட்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் எளிய அளவைகளை ஒரே முறையில் எடுத்துவந்தாலே போதிய செய்தி கிடைக்கும். நிற்க இயலாத குழந்தையைத் தாயோ தந்தையோ தூக்கிக்கொண்டு நின்று அளந்து, பிறகு தம் எடையைக் கழிக்கலாம். முதுகுப் பட்டையையும் கால் சிம்புகளையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்; அவற்றை மறந்து அளந்ததால் "திடீர் எடை ஏற்றம்" கண்ட வீடுகள் உண்டு. முதுகு வளைந்து மூட்டுகள் மடங்கிய குழந்தையின் நீளத்தை நாடாவால் தலைமுதல் கால்வரை அளப்பது பொய்க்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள எலும்பின் நீளத்தையோ, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நீளத்தையோ அளந்து வளர்ச்சியை மதிப்பிடுகிறோம். மேற்கையின் சுற்றளவும், தோல்மடிப்பின் தடிப்பும் சேர்ந்தால், ஏறியது தசையா கொழுப்பா என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும். கைக்குழந்தைகளை மாதம் ஒருமுறையோ, அதிகம் போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ பார்க்க வேண்டும். பெரிய குழந்தைகளுக்கு மூன்று முதல் ஆறு மாத இடைவெளி போதும். தனியொரு எண்ணைவிட, அது நகரும் திசையே எங்களுக்கு முக்கியம். இரண்டு மாதமாக எடை நின்றுவிட்ட கைக்குழந்தையும், ஆறு மாதத்தில் சரேலென ஏறிய பெரிய குழந்தையும் வருகைத் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டியவர்கள்.

எடை, மருந்தோடும் தொடர்புடையது. வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம், இரண்டு வயது நிறைந்து 20 கிலோவுக்குக் குறைவாக உள்ள குழந்தைக்குக் கிலோ ஒன்றுக்கு 0.25 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 20 கிலோவை எட்டியபின் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமாக நிலைபெறுகிறது. தவறான எடை தவறான அளவுக்கு இட்டுச்செல்லும். மரபணுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குச் சில வாரங்கள் ஸ்டீராய்டு கொடுக்கப்படும். அப்போது பசி பெருகி எடை ஏறும். அதைத் தேறுதல் என்று கொள்ள வேண்டாம்.

தட்டில் என்ன வைப்பது

ஆற்றலைப் பொறுத்தவரை அளவாகவும், புரதம், கால்சியம், வைட்டமின்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை நிறைவாகவும் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. உண்ணும் அளவு சிறிது என்பதால் ஒவ்வொரு கரண்டியும் பயனுடையதாக இருக்க வேண்டும். வெறும் சோற்றுக் கஞ்சி வயிற்றை நிரப்பும். வேறு அதிகம் தராது. அதில் வேகவைத்து மசித்த பாசிப்பருப்போ, ஒரு முட்டையோ சேர்ந்தால் நிலை மாறுகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கடலூர்க் கடற்கரை மீனும் வீட்டுத் தயிரும் நமக்கு எளிதில் கிடைப்பவை. நிற்காத, நடக்காத எலும்பு வலுவிழந்து எளிதில் முறிகிறது. ஆகவே கால்சியத்தையும் வைட்டமின் டி அளவையும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் குழந்தைக்கு நம் ஊர் வெயிலிலும் வைட்டமின் டி குறையும்.

முந்திரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது. 100 கிராம் முந்திரியில் 550 கலோரிக்கு மேல் உள்ளது. மெலிந்த முதல் வகைக் குழந்தையின் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி முந்திரி விழுது அருமையான சேர்க்கை. எடை ஏறிவரும் இரண்டாம் வகைக் குழந்தை தொலைக்காட்சி பார்த்தபடி கைப்பிடியாய்த் தின்னும்போது அதே முந்திரி வேறு பொருளாகிவிடுகிறது. யாராயினும் முழு முந்திரி வேண்டாம். துண்டு மூச்சுக்குழலில் அடைக்கும். பலாச்சுளையின் நாரும் வழுக்கலும் இதே ஆபத்தை உடையவை. சித்திரை, வைகாசியில் வீடெல்லாம் பலா மணக்கும்போது குழந்தைக்கு மட்டும் மறுப்பது கொடுமைதான். நார் நீக்கி அரைத்து வடிகட்டிச் சிறிது கொடுக்கலாம்.

விழுங்குதலில் குறை உள்ள குழந்தைக்கு உணவின் பொருளைவிட அதன் பதமே முதன்மை. நீர், பழச்சாறு போன்ற மெல்லிய திரவங்கள் விரைந்து வழுக்கிச் செல்வதால் புரையேறும். ரசம் சாதம் எளிய உணவு என்று நாம் நினைக்கிறோம். ஆனால் திரவமும் பருக்கையும் கலந்த உணவே வலுக்குறைந்த தொண்டைக்கு மிகக் கடினமானது. நன்றாக மசித்து ஒரே பதமாக்கிய தயிர்ச் சாதமோ, கெட்டியான கேழ்வரகுக் கூழோ பாதுகாப்பானது. தலை பின்னால் சாயாமல், உடல் தாங்கலுடன் நிமிர்ந்திருக்க ஊட்ட வேண்டும். ஒரு வேளை உணவு அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வது, உண்ணும்போது இருமல், ஈரமான குரல், அடிக்கடி வரும் நெஞ்சுச் சளி, வாய் முழுதும் திறக்க முடியாமை ஆகியவற்றுள் எது இருந்தாலும் சொல்லுங்கள். சில குழந்தைகள் இருமாமலேயே உணவை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே உதவியால் விழுங்குதலைப் படம்பிடிக்கும் பரிசோதனை அதை வெளிப்படுத்தும்; அது நடக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

மலச்சிக்கல் சிறு தொல்லையாகத் தோன்றினாலும், உப்பிய வயிறு மூச்சையும் பசியையும் குறைக்கும். கோடையில் நீரும், கீரை, பழம் ஆகியவற்றின் நாரும் போதிய அளவு சேர வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் புரதப் பொடிகளைப் பற்றியும், அமினோ அமில உணவு முறைகளைப் பற்றியும் பெற்றோர்கள் கேட்கிறார்கள். அமினோ அமில உணவால் வயிறு இலேசாக இருப்பதாகச் சில குடும்பங்கள் சொல்கின்றன; ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. புரதத்தை மிகுதியாகக் கொடுத்தால் தசை வளராது. கட்டளை அனுப்பும் நரம்பே நலிந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மாவுச்சத்தை அறவே நீக்கிக் கொழுப்பை மட்டும் கொடுக்கும் முறைகள் இக்குழந்தைகளுக்கு ஆபத்தானவை.

குழாய் என்னும் அச்சம்

வாய்வழி உணவு போதவில்லை என்ற நிலையில், வயிற்றின் மீது சிறு துளையிட்டு இரைப்பைக்குள் நேரே குழாய் வைக்கும் முறையைப் பரிந்துரைக்கிறோம். இச்சொல்லைக் கேட்டதும் வீட்டில் விழும் அமைதியை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். ஊட்டிவிடுதல் என்பது நம் வீடுகளில் உணவு மட்டுமன்று. "என் கையால் ஒரு வாய்கூட இனிக் கொடுக்க முடியாதா?" என்று ஒரு பாட்டி கேட்டால், அதற்கு அறிவியல் விடை போதாது. ஆனால் உண்மை விடை ஆறுதலானது: குழாய் வைத்த பிறகும், விழுங்குதல் பரிசோதனை இடம் தருமளவுக்கு, நாக்கில் சுவைக்கச் சிறிது கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் ஒன்றரை மணி நேரப் போராட்டமாக இருந்தது நின்று, அந்த நேரம் கதைக்கும் விளையாட்டுக்கும் கிடைக்கும். இரவில் உறக்கம் கலைக்காமல் ஊட்ட முடியும் என்பதால் பட்டினி இடைவெளியும் குறையும்.

எங்கள் வேண்டுகோள், முடிவைக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான். நிமோனியா வந்து, எடை இறங்கி, மூச்சு தளர்ந்த பிறகு செய்யும் அறுவை சிகிச்சையைவிட, குழந்தை ஓரளவு நலமாக இருக்கும்போது செய்வது பன்மடங்கு பாதுகாப்பானது. மூக்குவழிக் குழாய் சில வாரங்களுக்கு ஏற்றது. நீண்ட காலத்துக்கு அன்று. குழாய் வைத்தபின் எடை விரைந்து ஏறுவதும் உண்டு. அளவைக் குறைத்து அமைக்க உணவியல் வல்லுநரைக் காண வேண்டும்.

மருந்துச் செலவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2021இல் தேசிய அரிய நோய்க் கொள்கை வந்தது. 2022இல் அதன்கீழ் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. அதற்கெனக் குறிக்கப்பட்ட சிறப்பு மையங்களுள் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் உள்நாட்டு நிறுவனம் தயாரிக்கும் ரிஸ்டிப்லாம் விற்பனைக்கு வந்து, விலை பெரிதும் இறங்கியிருக்கிறது. மருந்து கிடைத்த குழந்தைகள் முன்பு எதிர்பாராத வகையில் உட்காருகிறார்கள், சிலர் நிற்கிறார்கள். ஆயினும் விழுங்குதல் அதே வேகத்தில் தேறுவதில்லை. மருந்துக்காகக் காத்திருக்கும் குடும்பமும், மருந்து கிடைத்த குடும்பமும் உணவை ஒரே அக்கறையுடன் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை வரும்போது மூன்று நாள் உணவுக் குறிப்பைக் கொண்டுவாருங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் எடுத்தது, எப்போது இருமல் வந்தது. பாட்டியும் அண்டைவீட்டாரும் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். யாரையும் கடிந்துகொள்ள அன்று, கணக்குச் சரியாக இருக்கவே கேட்கிறோம். நோயின் பெயர், வகை, எடுக்கும் மருந்து, கடைசியாக அளந்த எடை, "நீண்ட பட்டினி கூடாது, வாய்வழி உணவு இயலாவிடில் தாமதமின்றிக் குளுக்கோஸ் தேவை" என்ற வரி ஆகியவற்றைக் கொண்ட ஓர் அவசரக் கடிதத்தை மருத்துவரிடம் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் ஒரு படி குழந்தையின் பையிலும், ஒன்று பள்ளியிலும், ஒன்று தந்தையின் பணப்பையிலும் இருக்கட்டும்.